தலையாட்டி பொம்மையும் 282 லென்ஸும்

திருவிழாக் கடையில் வாங்கிய படம் அது. நேராகப் பிடித்தால் பிள்ளையார், மேல்பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்தால் முருகன். நகத்தால் தேய்த்தால் 'கிர்ர்' என்று சத்தம் வருமே, அந்த ரகம். மகளின் பென்சில் பெட்டியில் இரண்டு வருடம் கிடந்து, முனை பிய்ந்து, "அப்பா, ஒட்டித் தாங்க" என்று என் மேசைக்கு வந்தது.

ஒட்டுவதற்குப் பதிலாக முழுவதும் உரித்துவிட்டேன். பின்னால் ஒட்டியிருந்த காகிதத்தில் பிள்ளையாரும் இல்லை, முருகனும் இல்லை. இரண்டு படத்தையும் நூல் நூலாகக் கிழித்து, ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கி வைத்ததுபோல ஒரு கலங்கல். கையில் மிச்சமிருந்தது வரிவரியாக மேடு போட்ட ஒரு பிளாஸ்டிக் தகடு. மகளுக்கு வேறு படம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தாயிற்று. எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போனது. அடுத்த ஆறு வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளும் போயின.

அந்தத் தகட்டின் ஒவ்வொரு மேடும் ஒரு லென்ஸ். பூதக்கண்ணாடி மாதிரி வட்டமாக இல்லாமல், கரும்பை நீளவாக்கில் வகிர்ந்து கவிழ்த்ததுபோல நீளமாக இருக்கும். வளைவும் தடிமனும் ஒன்றுக்கொன்று பொருந்தி, குவியம் சரியாகத் தகட்டின் பின்பரப்பில் விழும்படி செய்திருப்பார்கள். அதனால் ஒரு திசையிலிருந்து பார்க்கும்போது அந்த லென்ஸுக்குக் கீழே உள்ள ஒரே ஒரு மெல்லிய கீற்று மட்டும் பெரிதாகி, லென்ஸின் அகலம் முழுவதையும் நிரப்பும். பார்க்கும் திசை மாறினால் பக்கத்துக் கீற்று. பிள்ளையார் முருகனாவது இப்படித்தான்.

இதில் ஒரு விஷயம் கவனித்தேன். திருவிழாப் படத்தில் மேடுகள் கிடைவாட்டில் ஓடின. அப்படி வைத்தால் இரண்டு கண்ணும் ஒரே கோணத்தில்தான் பார்க்கும், இரண்டுக்கும் ஒரே சாமிதான் தெரியும். அதே தகட்டைத் திருப்பி மேடுகளை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் கதை வேறு. நம் கண்கள் சுமார் ஆறரை சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால், ஒரே லென்ஸை இரண்டு கோணத்தில் பார்க்கும். இடக்கண்ணுக்கு ஒரு கீற்று, வலக்கண்ணுக்கு வேறொரு கீற்று. கீற்றுகளில் ஒரே காட்சியை இடத்திலிருந்தும் வலத்திலிருந்தும் எடுத்த படங்கள் இருந்தால், மூளை தன்பாட்டுக்கு ஆழத்தைக் கட்டிவிடும். லென்ஸ் ஆழத்தை உண்டாக்குவதில்லை. எந்தக் கண்ணுக்கு எந்தக் கீற்று என்று பங்கு பிரித்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் பங்கு பிரிப்பில் ஒரு மயிரிழை தவறினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பதிவு.

ஆழம் தெரிகிற படம் ஒன்றை நானே வீட்டில் செய்து பார்ப்பது என்று இறங்கினேன். முதல் முயற்சி லென்ஸே இல்லாமல். பங்கு பிரிப்பதுதான் வேலை என்றால் கறுப்புக் கோடுகளே போதும். அமெரிக்கரான பிரெடெரிக் ஐவ்ஸ் 1903-ல் காப்புரிமை வாங்கியது இந்த உத்திக்குத்தான். இடப்படக் கீற்றும் வலப்படக் கீற்றும் மாறி மாறி வருகிற ஒரு படம். அதற்குச் சற்று முன்னால், இடைவெளி விட்ட கறுப்புக் கோடுகள். அந்த இடைவெளி வழியாக ஒவ்வொரு கண்ணும் தன் கீற்றை மட்டும் எட்டிப் பார்க்கும். அரை மில்லிமீட்டர் கீற்று, அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்வை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், கோடுகளுக்கும் படத்துக்கும் நடுவே 3.8 மி.மீ. காற்று வேண்டும். காற்றுக்குப் பதில் கண்ணாடி என்றால் ஒன்றரை மடங்கு, கிட்டத்தட்ட 6 மி.மீ. கண்ணாடிக் கடையில் 6 மி.மீ. வெட்டுத்துண்டு ஒன்று சும்மாவே கிடைத்தது. கோடுகளை ஓஎச்பி ஷீட் என்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து மேலே ஒட்டினேன்.

வேலை செய்தது! ஆனால் மாலை ஆறு மணிக்குத் திரை போட்ட அறைக்குள் பார்ப்பதுபோல ஒரே இருட்டு. வெளிச்சத்தில் பாதியைக் கறுப்புக் கோடுகளே தின்றுவிடுகின்றன. தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் இடமும் வலமும் மாறிக் கண் வலித்தது. லென்ஸ் எதற்கு என்பது அப்போது உறைத்தது. அது வெளிச்சத்தை மறைப்பதில்லை, மடக்குகிறது. 1908-ல் பிரான்சின் கபிரியேல் லிப்மன் ஈயின் கண்போலச் சின்னச் சின்ன உருண்டை லென்ஸ்களைத் தகடு முழுக்கப் பரப்ப வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேலும் கீழும் நகர்ந்தாலும் காட்சி மாறும். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதே வருடம், ஆனால் வேறொரு வேலைக்காக, வண்ணப் புகைப்படத்துக்காக. நமக்கு அவ்வளவு ஆசை வேண்டாம், நெட்டுவரி லென்ஸே போதும்.

இந்த வரிமேட்டுத் தகட்டுக்கு லென்டிகுலர் ஷீட் என்று பெயர், ஆன்லைனில் கிடைக்கிறது. அங்குலத்துக்கு எத்தனை லென்ஸ் என்பதுதான் அதன் கணக்கு, எல்பிஐ என்பார்கள். நான் வாங்கியது 40 எல்பிஐ, தடிமன் 2.1 மி.மீ. ஒரு லென்ஸின் அகலம் 0.635 மி.மீ. எப்சன் ரகப் போட்டோ பிரிண்டர்கள் அங்குலத்துக்கு 720 புள்ளி என்ற கணக்கில் அச்சடிப்பவை. 720-ஐ 40-ஆல் வகுத்தால் 18. அதாவது ஒரு லென்ஸுக்கு அடியில் 18 கீற்று, 18 வேறுவேறு படம். ஒரு கீற்றின் அகலம் தலைமுடியில் பாதி. 75 எல்பிஐ வாங்கினால் படம் நயமாக இருக்கும்தான், ஆனால் அதே பிரிண்டரில் லென்ஸுக்கு ஒன்பது கீற்றுதான் தேறும். முதல் தடவை செய்பவர்களுக்கு 40 போதும் என்பது என் கட்சி.

அடுத்தது பிட்ச் சோதனை. பிட்ச் என்றால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரம்; எண்ணாகச் சொல்லும்போது அங்குலத்துக்கு எத்தனை வரி என்று சொல்வார்கள். நேரம் முழுக்க இதில்தான் போகும், போகவும் வேண்டும்.

உறையில் 40 என்று போட்டிருந்தாலும் படத்தை 40 கணக்கில் அச்சடித்தால் சரிவராது. அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கும்போது, நடு லென்ஸை நேராகவும் ஓரத்து லென்ஸைச் சாய்வாகவும் பார்க்கிறோம். ஓரத்துக்குப் போகப் போகக் கீற்றுகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளி இருந்தால்தான் எல்லா லென்ஸும் ஒரே படத்தைக் காட்டும். எனவே அச்சின் பிட்ச் லென்ஸின் பிட்சைவிடத் துளி அகலமாக இருக்க வேண்டும். என் தகட்டின் தடிமனுக்கும் தூரத்துக்கும் கணக்குப் போட்டால் 0.27 சதவீதம். தூரம் கூடினால் அங்குலத்துக்குள் அடங்கும் எண்ணிக்கை குறையும், எனவே 40 என்பது 39.89 ஆகிறது.

"துளிதானே, விடு" என்று சொல்லத் தோன்றும். படத்தின் அகலம் 18 செ.மீ., அதாவது ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல். பிட்ச் 0.1 தவறினால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவதற்குள் 0.7 லென்ஸ் அளவு நழுவிவிடும். 18 கீற்றில் 12, 13 கீற்று! இடது ஓரத்தில் மூன்றாவது படம் தெரியும்போது வலது ஓரத்தில் பதினைந்தாவது தெரியும்.

சோதனைத் தாள் இப்படி: ஒரு சென்டிமீட்டர் உயரப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் நெருக்கமான கறுப்பு வெள்ளைக் கோடுகள். முதல் பட்டை 39.50, அடுத்தது 39.55, இப்படியே 40.20 வரை. பக்கத்திலேயே எண்ணையும் அச்சடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு எது எதுவென்று தெரியாது. மேலே தகட்டை வைத்து, ஓரத்தில் செலோ டேப் போட்டு, சுவரில் நிறுத்தினேன். நாற்காலியை அரை மீட்டர் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை மெதுவாக இடமும் வலமும் நகர்த்தினேன். பிட்ச் தவறிய பட்டைகளில் வரிக்குதிரை மாதிரி கறுப்பும் வெள்ளையும் அகலமாக ஊர்ந்து போயின. 39.50-ல் இரண்டரை வரி, 39.70-ல் ஒரு வரி, அப்புறம் கரைந்துகொண்டே வந்தது. 39.85-ல் பட்டை முழுவதும் ஒரே சமயத்தில் கறுத்தது, ஒரே சமயத்தில் வெளுத்தது. விளக்கைப் போட்டு அணைத்ததுபோல இருந்தது. இன்னொரு தாளில் 0.01 இடைவெளியில் மறுபடி பார்த்து 39.86 என்று முடிவு செய்தேன். கணக்கு சொன்ன 39.89-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தகட்டுடையதும் பிரிண்டருடையதும். தாளின் நீளவாட்டில் ஒரு அளவும் அகலவாட்டில் ஒரு அளவும் வரும் என்பதால், படத்தை எந்த வாக்கில் அச்சடிக்கப் போகிறோமோ அதே வாக்கில், அதே பேப்பரில், அதே பிரிண்டரில்தான் சோதனையும் செய்ய வேண்டும்.

நான் ஒற்றைக் கண்ணை மூடிச் சுவர் முன்னால் தலையாட்டிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் என் மனைவியிடம்தான் ஏதோ சொன்னார்.

படம் எடுக்க ஆள் வேண்டாம், அசையாத பொருள் வேண்டும் என்று கொலு முடிந்து பெட்டிக்குள் போகக் காத்திருந்த தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைக் கடன் வாங்கினேன். "உடைஞ்சா அடுத்த கொலுவுக்கு நீங்கதான் படியில உக்காரணும்" என்ற நிபந்தனையோடு கிடைத்தது. கேமராவிலிருந்து அளந்தால் பொம்மை 60 செ.மீ. தூரத்தில், பின்னால் ஒரு மீட்டரில் குத்துவிளக்கு, முன்னால் 50 செ.மீ.-ல் ஓர் அகல். போனை இரண்டு மரப்பட்டைக்கு நடுவே இறுக்கி, ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி நகர்த்தி நகர்த்தி 18 படம். போகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட வேண்டும். போனை நேர்கோட்டில் நகர்த்த வேண்டுமே தவிர பொம்மையை நோக்கித் திருப்பக் கூடாது.

முதல் தடவை ஒவ்வொரு படத்துக்கும் 10 மி.மீ. நகர்த்தினேன். ஆழம் அள்ளிக்கொண்டு வரும் என்று பேராசை. அச்சடித்துத் தகட்டை வைத்தால், விளக்கு இருந்த இடத்தில் மூன்று விளக்கின் ஆவி. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 36 செ.மீ. காட்சி 18 செ.மீ. படமாகச் சுருங்குகிறது. போன் 10 மி.மீ. நகர்ந்தால், பொம்மையை நிலையாக வைத்துப் பார்க்கும்போது விளக்கு அச்சில் 2 மி.மீ. தாவுகிறது. ஒரு லென்ஸின் அகலமே 0.635 மி.மீ.தான். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் மூன்று லென்ஸ் தாண்டினால் கண் எப்படி ஒட்டவைக்கும்? அடுத்தடுத்த படங்களுக்கு இடையே தாவல் ஒரு லென்ஸ் அகலத்துக்குள் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 3 மி.மீ. நகர்த்தலே உச்சம். மொத்தப் பயணம் 51 மி.மீ. என் தகடு ஏறத்தாழ 27 டிகிரிக்குள் 18 படத்தையும் காட்டி முடித்துவிடுகிறது. அரை மீட்டரில் நம் இரு கண்ணுக்கும் இடையே ஏழு டிகிரி சொச்சம். எனவே இடக்கண் 6-ஆவது படத்தைப் பார்த்தால் வலக்கண் 11-ஆவதைப் பார்க்கும். ஐந்து படம் தள்ளி, 15 மி.மீ. வித்தியாசம். போதுமான ஆழம் அதிலேயே வந்துவிடுகிறது.

ஆவி போனாலும் இன்னொரு கோளாறு இருந்தது. பொம்மையின் உடம்பு சரியாக நின்றது, தலை மட்டும் கழுத்திலிருந்து விலகி முன்னால் மிதந்தது. கொஞ்சம் நகர்ந்து பார்த்தால் தலை பின்வாங்கி உடம்புக்குள் போனது. பிட்சா, அடுக்கு வரிசையா, நிரலில் பிழையா என்று ஒரு ஞாயிறு முழுக்கத் தேடினேன். கடைசியில் 18 படத்தையும் வேகமாக ஓட்டிப் பார்த்தால், பொம்மை சாவகாசமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. சீலிங் ஃபேன்! பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இந்தத் தகட்டுக்கு அது ஆழமாகத்தான் தெரியும், அசைவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. 1964 பிப்ரவரியில் அமெரிக்காவின் லுக் பத்திரிகை இந்த ரக முப்பரிமாணப் படத்தை முதன்முதலில் பெருமளவில் அச்சடித்து இதழில் சேர்த்தபோது, அதில் இருந்தது எடிசனின் மார்பளவுச் சிலை. சிலையை ஏன் பிடித்தார்கள் என்பது ஃபேனை அணைத்தபோது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

ஃபேனை நிறுத்தி, வேர்த்து வழிய, மறுபடி 18. ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் எல்லாப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பொம்மையின் நெற்றிப்பொட்டு ஒரே இடத்தில் வரும்படி தள்ளி நிறுத்தினேன். எது ஒரே இடத்தில் நிற்கிறதோ அது காகிதத்தின் தளத்திலேயே தெரியும். அதற்குப் பின்னால் உள்ளது உள்ளே போகும், முன்னால் உள்ளது வெளியே வரும்.

கீற்றாக நறுக்கி அடுக்குவது பைத்தான் நிரலில் பத்து வரி வேலை. 282 லென்ஸ், ஒவ்வொன்றுக்கும் 18 நெடுவரிசை, மொத்தம் 5,076. ஆனால் பிட்ச் 39.86 என்பதால் அங்குலத்துக்கு 717.48 வரிசைதான் வருகிறது. பிரிண்டருக்கு வேண்டியது 720. எனவே 5,076-ஐ 5,094 ஆக்க வேண்டும், 18 வரிசை கூடுதல். இங்கே படத்தை மழமழவென்று பெரிதாக்கும் முறையைப் பயன்படுத்தினால் பக்கத்துக் கீற்றுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆங்காங்கே ஒரு வரிசையை அப்படியே இரட்டிப்பாக்கும் முரட்டு முறைதான் சரி.

அப்புறம் என் சொந்த முட்டாள்தனம். லென்ஸ் இடவலம் மாற்றிக் காட்டும்; இடப்பக்கமிருந்து பார்க்கும் கண்ணுக்கு லென்ஸுக்கு அடியில் உள்ள வலது ஓரக் கீற்றுதான் தெரியும். எனவே படங்களை வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும். நான் நேராக அடுக்கிவிட்டேன். விளைவு வேடிக்கையாக இருந்தது. பின்னால் இருக்க வேண்டிய குத்துவிளக்கு முன்னால் வந்து மிதந்தது; அகல் ஆழத்துக்குள் போய்விட்டது; பொம்மை மறைத்திருக்கும் விளக்கின் பகுதி, முன்னால் இருந்துகொண்டே மறைந்திருந்தது. ஆனால் பொம்மையின் முகம் மட்டும் குழியவில்லை. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் மூக்கு வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. முகமூடியின் உட்பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாலும் இப்படித்தான். முகம் என்றால் புடைத்துத்தான் இருக்க வேண்டும் என்று மூளை பிடிவாதம் பிடிக்கும், கண்கள் கொண்டுவரும் சாட்சியை ஏற்காது. நிரலில் ஓர் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டதும் எல்லாம் நேரானது.

அச்சு, ஒரு போட்டோக் கடையில். பளபளப்பான போட்டோ பேப்பர்தான் வேண்டும். சாதாரணத் தாளில் மை பரவி 18 கீற்றும் ஒரே சாயமாகிவிடும். சோதனைத் தாள்களைக் கடைக்காரர் எதையும் தொடாமல் அச்சடித்துத் தந்திருந்தார். இந்தத் தடவை கடைப்பையன். வீட்டுக்கு வந்து தகட்டை வைத்தால் படத்தில் எட்டு நெட்டுப் பட்டை, திரைச்சீலை மடிப்பு மாதிரி. திரும்பப் போய்க் கேட்டால், "ஓரம் வெட்டுப்பட்டிரும்னு நூத்துக்குத் தொண்ணூத்தேழா வச்சேன் சார்" என்றான். நல்ல மனசு. மூன்று சதவீதம், 282 லென்ஸ், எட்டரை சுற்று. பட்டையை எண்ணியே அவன் சொன்ன சதவீதத்தைச் சரிபார்க்க முடிந்ததில் எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம். நூறு சதவீதம், ஷார்ப்னெஸ் திருத்தம் எதுவும் வேண்டாம் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து மறுபடி எடுத்தேன்.

ஒட்டுவதற்கு முன்னால் தகட்டைச் சும்மா மேலே வைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். 24 செ.மீ. உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் கோணினாலே பட்டை குறுக்கே சாய்ந்து ஓடும். படத்தின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டருக்குச் சோதனைக் கோடுகளை அச்சடித்து வைத்தது நல்லதாகப் போயிற்று. இரண்டும் ஒரே சமயத்தில் கறுத்தால் நேராக இருக்கிறது என்று பொருள். கண்ணாடி போன்ற டபுள் சைடு ஒட்டுப்படலத்தை முதலில் தகட்டின் பின்னால் ஒட்டி, இடது ஓரத்தில் அரை அங்குலம் மட்டும் உரித்துப் படத்தைப் பிடிக்கவைத்து, பிறகு மற்றதை இழுத்துக்கொண்டே பழைய பூரிக்கட்டையால் உருட்டினேன். பிடித்தால் பிடித்ததுதான், பிரித்து ஒட்ட இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

உண்மையில் எனக்கே இரண்டாவது தாள் தேவைப்பட்டது. ஐப்பசி மழை. சனிக்கிழமை எடுத்த அச்சை ஜன்னலோரம் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒட்டலாம் என்று எடுத்தால் ஓரங்கள் ஒத்துவரவில்லை. காகிதம் ஈரத்தைக் குடித்து ஊதியிருந்தது. 18 செ.மீ.-ல் அரை மில்லிமீட்டர் கூடினால் போதும், எல்லாம் போயிற்று. மறுநாள் அச்சடித்த கையோடு கடையிலிருந்தே பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்து, மை காய்ந்த ஒரு மணி நேரத்தில் ஒட்டினேன்.

முடிந்தபோது இரவு பதினொன்று. மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். விளக்கு உள்ளே, ஒரு முழத் தூரத்தில் நிற்கிறது. அகலின் உதடு காகிதத்தைவிட்டு விரல்கடை அளவுக்கு வெளியே. பொம்மைக்கும் விளக்குக்கும் நடுவில் இருக்கும் காற்று தெரிகிறது. கீழ் இடது மூலையில் கடுகளவு குமிழி ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஹாலில் மாட்டினால் சரிவரவில்லை. பிட்ச் அரை மீட்டருக்காகப் போட்டது. இரண்டு மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் இரு ஓரங்களுக்கும் பாதி லென்ஸ் வித்தியாசம் வந்து, ஒரு பக்கம் விளக்கு உடைகிறது. வீட்டில் எல்லோரும் ஒரு பொருளிலிருந்து சரியாக அரை மீட்டர் தூரத்தில் நிற்கும் இடம் எது என்று யோசித்து, தலைசீவும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணி அடித்தேன். காலையில் அம்மா சீப்போடு வந்து நின்றார். படத்தைப் பார்த்தார். இடது பக்கம் தலையைச் சாய்த்தார், வலது பக்கம் சாய்த்தார், மறுபடி இடது. பொம்மை அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.